கண்வலிக் குறிப்புகள் சொல்லாமல் விடுவது

‘மெட்ராஸ் ஐ’ பரவும் பருவம் வந்தால் நாளேடுகளில் ஒரு சிறு குறிப்பு தவறாமல் வெளிவரும். கறுப்புக் கண்ணாடி அணிக, நோயாளியின் துண்டைத் தொடாதீர், அஞ்ச வேண்டாம், ஓரிரு வாரத்தில் தானே குணமாகும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு வரியும் ஏறக்குறையச் சரியே. ஆனால் முழுவதும் படித்த வாசகர் தவறான முடிவுக்கு வந்து சேருகிறார்.

கறுப்புக் கண்ணாடியை ஏன் அணிய வேண்டும் என்று குறிப்பு சொல்வதில்லை. ஆகவே நோயுற்ற கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை வலுப்பெறுகிறது. பார்ப்பது என்றால் என்ன? அக்கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி நம் கண்ணுக்குள் நுழைகிறது. ஒளி கிருமியைச் சுமந்து வருவதில்லை. விரலும் கைக்குட்டையும் தலையணை உறையும்தாம் சுமக்கின்றன. (ஒளியியலில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்களே கண் சிவந்த நண்பனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவனுடைய பேனாவைக் கடன் வாங்குகிறார்கள்!) கண்ணாடி நோயாளியின் கண் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவே.

இதைவிடப் பெரிய குறை, சிவந்த கண் அனைத்தையும் ஒரே பெயரில் அடைத்துவிடுவது. 1918-இல் சென்னையில் பரவியபோது அறியப்பட்டதால் இப்பெயர் பெற்ற நோய், பெரும்பாலும் அடினோவைரஸால் வருவது. வெண்விழியின் மேலுள்ள மெல்லிய சவ்வைத் தாக்கிவிட்டு அடங்கிவிடும். ஆனால் நெல் அறுக்கையில் தாள் கீறிய கண்ணும் சிவக்கத்தான் செய்கிறது. அங்கே பூஞ்சைக் காளான் புகுந்து கருவிழியின் முன்னுள்ள கார்னியாவை அரித்துக்கொண்டிருக்கலாம்.

கார்னியா ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உள்ளது. எனினும் கண்ணுள் புகும் ஒளியைக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலை அதனுடையது. அதிலுள்ள நுண்ணிய புரத இழைகள், ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. புண் ஆறித் தழும்பானால் அந்த அடுக்கு குலைகிறது. ஒளி சிதறி, அவ்விடம் வெண்மையாகிறது. ‘கண்ணில் பூ விழுந்தது’ என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இந்நிலையில் பக்கத்து வீட்டார் மிச்சம் வைத்த சொட்டு மருந்தை ஊற்றிக்கொள்வோர் பலர். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டே நாளில் சிவப்பு குறையும். உடலின் எதிர்ப்பு ஒடுங்கியதால் வந்த வெளுப்பு அது; காளானும் ஹெர்ப்பிஸ் வைரஸும் தடையின்றிப் பரவும். மருந்தின் மேல் நம்பிக்கை வளர, புண்ணும் வளர்கிறது. குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் கண்டதில்லை. பிறந்த குழந்தையின் கண்ணில் சீழ் கண்டால் தாய்ப்பாலை விட்டுக் காத்திருக்கும் வழக்கத்தையும் அவை கண்டிப்பதில்லை. கொனோரியாக் கிருமியாயின் சில நாட்களிலேயே கார்னியா துளைபட்டுப் போகும்.

அக்குறிப்பில் இன்னும் நான்கு வரி சேர்த்தால் போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிவந்த கண்ணால் நாட்காட்டியின் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். பீளையால் வந்த மங்கல் இரண்டு முறை இமைத்தால் விலகும். விலகாவிட்டாலும், கடுமையாக வலித்தாலும், வெளிச்சம் தாங்க முடியாமல் கூசினாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணில் அடிபட்டிருந்தால் இந்தச் சோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.