ரிஸானா கவிதைகளில் இல்லாத மொழிபெயர்ப்பாளர்

ரிஸானா நபீக் பற்றி எழுதப்பட்ட கவிதைகளைச் சென்ற மாதம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு நண்பர் வீட்டில் கூடி வாசித்தோம். பெரும்பாலானவற்றில் அவள் சிறகொடிந்த பறவை, கசங்கிய மொட்டு, அநாதை. கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர் ஒருவர், "எல்லாம் சரி தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஆர் மொழிபெயர்த்தது?" என்றார். ஒரு கவிதையிலும் பதில் இல்லை.

எனக்கும் அதுதான் குறை. அநாதை என்கிறோம், மூதூரில் வாப்பாவும் உம்மாவும் உயிரோடுதான் இருந்தார்கள். 1988இல் பிறந்த பிள்ளைக்கு 1982 என்று கடவுச்சீட்டு எடுத்து, 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலைக்குப் போனவளிடம் நான்கு மாதக் குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களில் குழந்தை மௌத்தானது. பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்றாள். கழுத்தை நெரித்ததாக வாங்கப்பட்ட வாக்குமூலத்தை, நிர்ப்பந்தத்தில் சொன்னது என்று பின்னர் மறுத்தாள். அதை மொழிபெயர்த்தவர் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர். பிறகு நாட்டை விட்டும் போய்விட்டார். 2007 ஜூன் 16இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதிக்கும்வரை அவளுக்குச் சட்டத்தரணி இல்லை. 2013 ஜனவரி 9இல் தண்டனை நிறைவேறியது.

ஷரீஅத் தீர்ப்பைக் கேள்வி கேட்கலாமா என்று சிலர் அன்றே வாயை அடைத்தார்கள். சுப்ஹத் இருந்தால் தண்டனையைத் தவிர் என்பதும் ஃபிக்ஹில் உள்ளதுதானே? வயதில் ஐயம், மொழியில் ஐயம், வாக்குமூலத்தில் ஐயம். இதை எழுதியிருந்தால் அந்தக் கவிதைகளுக்கு முதுகெலும்பு இருந்திருக்கும்.

கண்டியில் சட்டத்தரணியாக இருந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) ஞாபகம் வந்தது. பெற்றாரைப் பிரிந்து அந்நிய ஊரில் வளரும் பிள்ளைதான் அங்கும் நாயகன். மிஸ்றில் பிறந்து பம்பாயில் வளர்கிறான். அவனுக்கு உதவப் பெரிய மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். கதையை முடிக்க அது வசதி. ரிஸானாவுக்கு அப்படி எவரும் வராததால், எங்கட கவிஞர்கள் மலக்குகளை அனுப்பிவிடுகிறார்கள்.

அக்குறணை மாணவி ஒருத்தி எழுதியது மட்டும் வேறு. பால் கொடுத்தபின் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்ட வேணும் என்று அந்தப் பதினேழு வயதுக்கு ஆர் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறது. ஓசை சறுக்குகிறது, இரண்டு எழுத்துப்பிழையும் கிடக்கு. எழுதுவினைஞர் அதைத்தான் திரும்ப வாசிக்கச் சொன்னார்.