பெத்தானியாச் சகோதரியரின் பெயரில் இரு தாய்மார்

2013-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிபிசியும் அமெரிக்காவின் எச்பிஓ நிறுவனமும் ஒளிபரப்பிய தொலைக்காட்சித் திரைப்படம் 'மேரியும் மார்த்தாவும்'. பிலிப் நாய்ஸ் இயக்கியது. ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதியது. காதல் நகைச்சுவைப் படங்களால் பெயர்பெற்ற கர்ட்டிஸ், 'காமிக் ரிலீஃப்' என்னும் அறப்பணி அமைப்பை 1985-இல் தொடங்கியவர்களுள் ஒருவர். நிதி திரட்டும் கையும் நகைச்சுவை எழுதும் கையும் ஒன்றாயிருப்பதே இப்படத்தின் வலிமை. பார்த்தவர் பலர் அதன்மேல் சாற்றும் குறைக்கும் மூலகாரணம் அதுவே.

கதை சுருக்கமானது. வசதி படைத்த அமெரிக்கத் தாய் மேரி. பள்ளியில் பிற சிறுவரின் கொடுமைக்கு ஆளாகித் தவிக்கும் தன் ஒரே மகன் ஜார்ஜை அழைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கா செல்கிறாள். அங்கிருந்து மொசாம்பிக்குக்கும் போகிறார்கள். மகன் மலேரியாக் காய்ச்சலில் மடிகிறான். இங்கிலாந்தில் எளிய குடும்பத்துப் பெண் மார்த்தா. மொசாம்பிக்கில் அநாதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொண்டனாகச் சென்ற அவளுடைய இளவயது மகன் பென்னையும் அதே காய்ச்சல் கொண்டுபோகிறது. மகன் இறந்த மண்ணைத் தேடிவந்த இரு தாய்மாரும் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். பின்னர் வாஷிங்டனில் ஆட்சியாளர் முன்னிலையில் நின்று, தடுக்கக்கூடிய இந்நோயைத் தடுக்கப் பணம் ஒதுக்குமாறு வாதாடுகிறார்கள். ஹிலாரி ஸ்வாங்க் மேரியாகவும் பிரெண்டா பிளெத்தின் மார்த்தாவாகவும் நடித்திருக்கின்றனர்.

பார்த்தவர்களின் கருத்துகளைத் தொகுத்து நோக்கினால் மூன்று குரல்கள் கேட்கின்றன. முதற்குரல் கண்ணீரின் குரல். பிளெத்தினின் முகத்தைப் பற்றியே அவர்கள் மிகுதியும் பேசுகிறார்கள்; அது நியாயமே. ஆறுதல் கூற வருவோரைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று தன் துயரத்தையும் அடக்கிக்கொண்டு பேசும் பெண்ணை அவர் காட்டுகிறார். இழவு வீடுகளில் இத்தகைய தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். இரண்டாம் குரல், இது படமா பிரசாரமா என்று கேட்கிறது. நோயைப் பற்றிய புள்ளிவிவரங்களைப் பாத்திரங்களின் வாயில் திணித்துவிட்டார்கள் என்பது இவர்களின் குறை. பிற்பகுதியில் அது உண்மைதான். ஆனால் பிரசாரம் என்பதாலேயே ஒரு படைப்பு தாழ்ந்துவிடும் என்றால், பிரசங்க மேடையில் நிற்கும் நம்மைப் போன்றவர் வாய் திறக்கவே இயலாது! இக்குறையை இத்துடன் விடுவோம்.

மூன்றாம் குரலே ஆழமாகச் சிந்திக்கத் தக்கது. ஆப்பிரிக்கக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் மடியும் நோயைப் பேச வந்த படம், இரண்டு வெள்ளைப் பிள்ளைகளின் சாவைக் கொண்டுதானா பேசவேண்டும்? இதே கேள்வியை நம் பங்கைச் சேர்ந்த வயது முதிர்ந்த ஒரு தாய் தம் பேச்சிலேயே கேட்டார்: "அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் அம்மா இருக்கிறாளே சாமி, அவளை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாமே?" நகரத்துத் திறனாய்வாளர் பக்கம் பக்கமாக எழுதியதும் இதுவே.

இதற்குப் பதிலளிக்குமுன் நோயின் இயல்பை அறிதல் நலம். மலேரியா மிகுந்த நாட்டில் பிறந்து, மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்டு, பிழைத்து வளர்ந்தவரின் உடல் ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடுகிறது. ஆகவே அங்கே வளர்ந்தவர் இந்நோயால் இறப்பது குறைவு. அவ்வாற்றல் இன்னும் அமையாத பச்சிளங் குழந்தைகளே பெரும்பாலும் பலியாகின்றனர். 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்கர். அங்கு இறந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் உடலோ, எத்துணை உரமேறியதாயினும், அக்குழந்தைகளின் உடலைப் போலவே காப்பற்றது. தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத் தோன்றி, உடன் மருத்துவம் கிடையாவிடில் ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கவல்லது இதன் கொடிய வகை.

எனவே ஜார்ஜும் பென்னும் கொசுவின் முன் மொசாம்பிக் குழந்தைகளுக்கு நிகரானவர்கள். கர்ட்டிஸ் கதைக்காக வலிந்து புனைந்த விபத்தன்று இது. நோயின் இயல்போடு பொருந்துவது. அந்நாட்டுக் குழந்தைக்கும் அயல்நாட்டு இளைஞனுக்கும் அங்கே வேறுபாடில்லை. சாவுக்குப் பின்தான் வேறுபாடு தொடங்குகிறது. ஒருவனுடைய தாய்க்கு விமானச் சீட்டு வாங்க முடிகிறது; அரசியல் வட்டாரங்களை அறிந்த தந்தை இருக்கிறார்; பேசினால் கேட்க ஆளிருக்கிறது. மற்றவளுக்கு இவற்றுள் எதுவுமில்லை. படம் இதை மறைக்கவில்லை என்பதே நம் கருத்து. அதிகாரத்தில் இருப்பவர் தம் பிள்ளையைப் போன்ற பிள்ளை இறந்தால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள் என்ற கசப்பான உண்மையின்மேல்தான் கதையே கட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் அக்கசப்பை அது போதிய அளவு உணர்த்தவில்லை. செவிசாய்த்தவர்களைப் பாராட்டுவதில் விரைகிறது. இதுவரை ஏன் செவிசாய்க்கவில்லை என்று கேட்கத் தயங்குகிறது.

மொசாம்பிக்கின் வரலாற்றைப் பற்றியும் படம் மௌனம் சாதிக்கிறது. 1975-இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாட்டை 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் சீரழித்தது. சிற்றூர் மருத்துவ நிலையங்கள் பல அதில் அழிந்தன. (உரோமையில் 1992 அக்டோபரில் கையெழுத்தான அமைதி உடன்பாட்டுக்கு இடைநின்று உழைத்தது நம் திருச்சபையின் பொதுநிலையினர் அமைப்பான சான் எஜிதியோ குழுமம் என்பதை நம் வாசகர் அறிவது நல்லது.) கொசு மட்டும் கொல்வதில்லை, மருந்தில்லாத தொலைவும் கொல்கிறது. தோட்டமும் கடற்கரையுமாக அழகாகப் படம்பிடித்தவர்கள் அந்தத் தொலைவைச் சற்றே நடந்து காட்டியிருந்தால், மேற்சொன்ன பங்குத் தாயின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்திருக்கும்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். லூக்கா நற்செய்தியில் மார்த்தா பணிவிடையில் பரபரப்பவள். மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்தவள். படத்திலோ ஓடியாடிக் கதவுகளைத் தட்டுபவள் மேரி. அநாதைப் பிள்ளைகளோடு அமர்ந்திருக்க விழைபவள் மார்த்தா. இந்த இடமாற்றம் சிலருக்குச் சுவையாகத் தோன்றியது. நமக்கோ, படத்தின் பெயர் யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தையே நினைவூட்டுகிறது. இலாசர் இறந்து நான்கு நாளாயிற்று. எதிர்கொண்டு சென்ற மார்த்தா, இயேசு உரிய வேளையில் வராததைச் சொல்லி முறையிடுகிறாள். பின்னர் வந்த மரியாவும் ஏறத்தாழ அதே சொற்களால் முறையிடுகிறாள். மறையுரைகளில் மார்த்தாவின் விசுவாச அறிக்கைக்கு நாம் தரும் இடத்தை இந்த முறையீட்டுக்குத் தருவதில்லை. ஆண்டவர் அதைக் கண்டித்ததாக நற்செய்தியில் இல்லை. அவர் கண்ணீர் விட்டதாகவே காண்கிறோம்.

படத்தில் எந்தக் கல்லறையும் திறக்கவில்லை. ஆகவே 'வந்திருந்தால் இறந்திரான்' என்னும் குற்றச்சாட்டு வானத்தை நோக்கி எழாமல் மனிதரை நோக்கித் திரும்புகிறது. வரவேண்டியவை மிக எளிய பொருள்கள்: பூச்சிமருந்து தோய்த்த கொசுவலை, விரைவான இரத்தப் பரிசோதனை, சில நாள் மாத்திரை. 2013-க்குப் பின் தடுப்பூசியும் சேர்ந்துகொண்டது. குழந்தைகளுக்கு அதைப் பரவலாகப் போடலாமென 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2023-இல் பரிந்துரைக்கப்பட்ட இரண்டாம் தடுப்பூசி நம் நாட்டின் புனே நகரில் தயாராகிறது. இத்துயரைக் கடவுளின் சித்தம் என்று கூறித் தாய்மாரை அமைதிப்படுத்துவோர் இப்படத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். அதில் எவரும் அவ்வாறு கூறி அவர்களை அடக்குவதில்லை.

முடிவு மிகவும் நம்பிக்கையாக இருக்கிறது என்று அக்காலத்திலேயே சிலர் குறைகூறினர். காலம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. அமெரிக்க அதிபரின் மலேரியா ஒழிப்புத் திட்டம் 2005-இல் தொடங்கி, பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு வலையும் மருந்தும் அனுப்பிவந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் அயல்நாட்டு உதவிகள் திடீரென நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் அவற்றை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் நிறுவனமே தன் செயற்பாட்டை முடித்துக்கொண்டது. நோய் ஓய்ந்ததென்று கை ஓய்ந்தால் என்னாகும் என்பதற்கு இலங்கை சான்று: 1963-இல் வெறும் 17 பேருக்கே அங்கு மலேரியா கண்டது, தெளிப்பு தளர்ந்த சில ஆண்டுகளில் நோயாளிகள் இலட்சங்களாயினர். அத்தீவு மலேரியா அற்ற நாடென்று 2016-இல்தான் சான்று பெற்றது.

மேரியும் மார்த்தாவும் இன்று மறுபடி அதே அவைக்குச் சென்று, அதே புகைப்படங்களை நெஞ்சோடு அணைத்தபடி காத்திருக்கவேண்டியிருக்கும். இம்முறை அவர்களுக்கு நடுவே மொசாம்பிக் தாய் ஒருத்திக்கும் நாற்காலி போட்டு, அவளை முதலில் பேசவிடும் ஒரு படத்தை எவரேனும் எடுப்பார்களாயின், பங்குத் திரையில் அதையும் காட்ட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.