பழைய நேரம், புதிய நேரம், சில்லுக்குள் இருந்த நேரம்

2006 ஏப்ரல் 15. சித்திரைப் புத்தாண்டு முடிந்த இரவு. பன்னிரண்டரையைத் தொட்ட இலங்கை மணிக்கூடுகள் மறுபடி பன்னிரண்டுக்குப் போயின. வீட்டுச் சுவரில் இருந்ததைக் கழற்றி முள்ளைத் திருகியதோடு எங்கள் வேலை முடிந்தது. வெள்ளவத்தை காலி வீதியில் நான் மின்னஞ்சல் பார்க்கப் போகும் கொமியூனிகேஷன் கடையில் அப்படி முடியவில்லை. முதலாளி ஒவ்வொரு கணினியிலும் திரை மூலையில் இருந்த நேரத்தை இரண்டு தரம் அழுத்தி, அரை மணியைக் குறைத்து, 'ஓகே' கொடுத்தார். ஒரு கிழமைக்குள் சில கணினிகள் திரும்பவும் அரை மணி முந்தி ஓடின. பற்றரி செத்துவிட்டது என்று நினைத்து, பெட்டியைத் திறந்து, மதர்போட்டில் இருந்த காசு அளவுப் பற்றரியை மாற்றினார். அடுத்த கிழமையும் அதே கதை.

பற்றரியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் இலங்கையின் நேர வலயம் அப்போதும் கிரீன்விச்சுக்கு ஆறு மணி முன் என்றே பதிவாகியிருந்தது. கிழமைக்கு ஒரு தடவை இணையத்திலிருந்து சரியான கிரீன்விச் நேரத்தை எடுத்து, அதோடு ஆறு மணியைக் கூட்டிக் காட்டியது. அது செய்தது சரியான கணக்கு. கூட்டிய எண்தான் பழையது. மாற்ற வேண்டியது வலயத்தை. முதலாளி மாற்றியது முள்ளை. பிறகு ஒருவர் வந்து வலயப் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்றிருந்த ஐந்தரை மணி வரியைத் தெரிவு செய்தார். ஏற்கெனவே கையால் குறைத்திருந்த கணினிகளில் இன்னும் அரை மணி குறைந்தது. நேரக் கணக்கில் காசு வாங்கும் கடையில் அன்று நடந்த வாக்குவாதங்களைச் சொல்லத் தேவையில்லை.

கணினி நமக்குக் காட்டும் 'நேரம்' என்ற ஒரு பெட்டிக்குள் மூன்று விடயங்கள் இருக்கின்றன. உலகப் பொது நேரம் ஒன்று. நாம் இருக்கும் வலயம் இன்னொன்று. மின்சாரம் இல்லாதபோதும் பற்றரியில் ஓடும் மணிக்கூட்டுச் சில்லில் எழுதப்பட்டிருப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் அரைகுறையாகவாவது காட்டும் விண்டோஸ், மூன்றாவதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சில்லின் கதை 1984இல் வந்த ஐபிஎம் பீசி ஏடியிலிருந்து வருகிறது. அதற்கு முந்திய பீசியில் நிரந்தர மணிக்கூடே இல்லை. போடும்போதெல்லாம் டாஸ் திகதியும் நேரமும் கேட்கும். ஏடியில் வைத்த மோட்டோரோலா சில்லில் மொத்தம் 64 பைட். அதில் விநாடி, நிமிடம், மணி, நாள், மாதம், இரண்டு இலக்க ஆண்டு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. 'இது எந்த ஊர் நேரம்' என்று எழுதத்தான் இடமில்லை. எந்த ஊர் என்பதை வாசிக்கிறவர் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. யுனிக்ஸ் வழி வந்தவை கிரீன்விச் நேரமாக வைக்கவே விரும்புகின்றன.

விண்டோஸ் பக்கத்து நியாயத்தை மறுக்க மாட்டேன். இணையம் இல்லாத, ஒரே மேசையில் கிடக்கும் கணினிக்கு உள்ளூர் நேரமே இயல்பு. பயோஸ் திரையைத் திறந்தால் சுவர் மணிக்கூடு காட்டும் நேரமே அங்கும் இருக்கும்; திருத்த வருகிறவர் ஐந்தரையைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டின் நேரம் அசையாது என்று நம்பினால் இந்த ஏற்பாட்டில் குறை காண முடியாது.

எங்கள் நாட்டின் நேரம் அசைந்தது. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் வற்றியபோது, மே 25இல் ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மிச்ச அரை மணியும் போனது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றம் எதையும் ஏற்காமல் ஐந்தரையிலேயே நின்றன. வன்னிக்குப் போகிறவர்கள் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே வைத்தார்கள். 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்காமல் யாரும் யாரையும் சந்திக்க ஏற்பாடு செய்ததில்லை. மனிதர்கள் கேட்ட அந்தக் கேள்வியைக் கணினி கேட்கவில்லை. எக்ஸ்பியின் பட்டியலில் கொழும்பு என்ற பெயர்கூட இருக்கவில்லை. ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்றுதான் தேட வேண்டியிருந்தது.

கையால் திருகியதன் விளைவு கடைக்குள் நிற்கவில்லை. வலயம் ஆறு மணியில் கிடக்க, முள் மட்டும் பின்னே போனால், கணினி நினைக்கும் கிரீன்விச் நேரம் அரை மணி பிந்திவிடும். லண்டனில் காலை 11.00க்கு மச்சான் அனுப்பிய கடிதத்துக்கு வெள்ளவத்தையில் இருந்து பத்து நிமிடத்தில் பதில் எழுதினேன். என் பதிலில் விழுந்த முத்திரை, லண்டன் கணக்கில், 10.40. கேள்விக்கு முன்பே விடை போய்ச் சேர்ந்தது.

யுனிக்ஸ் வழி வந்த லினக்ஸ் இதில் நேர்மையானது. 'டைம்டேட்சிடிஎல்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் உள்ளூர் நேரம், உலகப் பொது நேரம், சில்லின் நேரம், வலயம் நான்கையும் அடுத்தடுத்த வரிகளில் காட்டும். சில்லை உள்ளூர் நேரத்தில் வைத்திருந்தால், வலயம் மாறும்போது சிக்கல் வரும் என்று எச்சரிக்கும். வலயத்தின் பெயர் 'ஏஷியா/கொழும்பு'. 1996, 2006 மாற்றங்கள் அந்த வலயத்தின் கோப்பிலேயே இருப்பதால் 1999இல் எழுதிய கடிதமும் அன்றைய நேரத்தில்தான் தெரியும். குறை என்னவென்றால், இதைக் கறுப்புத் திரைக்குள் வைத்திருக்கிறார்கள். வழக்கமான அமைப்புப் பக்கத்தில் சில்லைப் பற்றி அங்கும் ஒரு சொல் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் போட்டுப் படிக்கும் பிள்ளைக்கு, உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு மாறியதும் நேரம் ஐந்தரை மணி பின்னே போயிருக்கும். விண்டோஸைத் திருத்த 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற குறிப்பை ரெஜிஸ்ட்ரிக்குள் போய்க் கையால் எழுத வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதென்று அந்தப் பிள்ளைக்கு எந்தத் திரை சொல்லும்?

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களில் வேறொன்று நடந்தது. பற்றரி உண்மையாகவே செத்திருந்த பழைய கணினிகள், கரண்ட் வந்ததும் பல ஆண்டுகள் பின்னே போய் எழுந்தன. திகதி பொருந்தாததால் உலாவி வங்கித் தளத்தைத் திறக்க மறுத்தது. பயோஸ் சில வேளை ஒரு வரி எச்சரிக்கை காட்டும். உலாவி திகதியைத் திருத்தச் சொல்லும்; பற்றரியைப் பார்க்க விண்டோஸ் சொல்லாது. 2006இல் நல்ல பற்றரி வீணாக மாற்றப்பட்டது. 2022இல் செத்த பற்றரி மாற்றப்படாமல் கிடந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சில்லு என்ன சொல்கிறதென்று விண்டோஸ் திரையில் பார்க்க வழியில்லை.

சாதாரணப் பயனருக்குச் சில்லை மாற்றும் அதிகாரம் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பார்க்கும் வழி வேண்டும். நேரம் மாற்றும் பக்கத்திலேயே ஒரு வரி போதும்: சில்லில் உள்ள நேரம் இது, இதை உள்ளூர் நேரமாக அல்லது கிரீன்விச் நேரமாக வாசிக்கிறேன் என்று. அதுவரை உங்கள் கணினி மணி பிசகினால் முள்ளைத் தொடாதீர்கள். முதலில் வலயத்தைப் பாருங்கள். அது ஐந்தரையாக இருந்தால், பிறகு பெட்டியைத் திறவுங்கள்.