பம்பருக்குப் பக்கத்தில் ஒரு மின்வாய்

ஸ்காபரோவின் மல்வேர்னில், நீல்சன் வீதிக்கும் டாப்ஸ்கொட் வீதிக்கும் அண்மித்த குடியிருப்புகளில், பனி கொட்டிய இரவு விடியுமுன்னரே தரிப்பிடங்களை வழித்துத் துப்புரவாக்க வந்து நிற்கும் பிக்கப் வண்டிகளின் முகப்பைச் சற்று நின்று கவனிப்பவர்கள் மிகச் சிலரே. கவனித்தால், முன்பக்கக் கம்பிச்சட்டத்துக்குக் கீழே, ரப்பர் மூடி தரித்த தடித்த மின்வாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பது புலப்படும். பனியை வழிக்கும் அகன்ற இரும்புத் தகட்டை உயர்த்தித் தாழ்த்தும் எண்ணெய்ப் பம்பின் மோட்டாருக்கு வண்டியின் பற்றரியிலிருந்து மின்சாரம் செல்லும் வாசல் அது. அத்தகைய வாசலைத் தம் ஜீப்பின் பின்பம்பரிலே பொருத்திக்கொண்டு, கோடையில் ஹாலிபர்ட்டன் பக்கத்துக் காட்டுப்பாதைகளில் சேற்றில் புதைந்த வண்டிகளை விஞ்ச் கொண்டு இழுப்பதற்கும், மாரியில் அயலவரின் செத்த பற்றரிக்குப் பூஸ்ட் கொடுப்பதற்கும் உபயோகிக்கும் இளைஞர்கள் நம்மவரிடையேயும் இருக்கிறார்கள். இதைச் சாதாரண மெக்கானிக் வேலை என்று எண்ணுவோர் எண்ணட்டும். என் அபிப்பிராயத்தில், தன் சௌந்தரியம் முழுவதையும் கறுப்பு உறைக்குள் மறைத்துக்கொள்ளும் கலை இது.

இக்கலையின் சிரமம் யாவும் 12 வோல்ற் என்ற சிறிய எண்ணிலிருந்தே பிறக்கிறது. வீட்டிலே 120 வோல்ற்றில் கொதிக்கும் 1500 வாற் கேத்தில் பன்னிரண்டரை அம்பியரோடு திருப்தியடைந்துவிடும். அதே சக்தியை வண்டியின் பற்றரியிலிருந்து பெறுவதாயின் 125 அம்பியர் ஓடியாக வேண்டும். முழுப் பாரத்தையும் இழுக்கும் பெரிய விஞ்ச் 400 அம்பியர் வரை கேட்கும். 1990களில், பற்றரியும் எரிபொருளும் பொருளாதாரத் தடையில் அகப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ ஈன்ற அரை அம்பியரில் வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு இந்த எண்ணின் பிரமாண்டம் சொல்லாமலே விளங்கும். பற்றரியிலிருந்து பின்பம்பர் வரை ஐந்து மீற்றர், திரும்பி வர ஐந்து மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 50 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுடைய செப்புக் கம்பியில் 200 அம்பியர் ஓடும்போது வழியில் தொலைவது முக்கால் வோல்ற்றுக்கும் குறைவு. 13 சதுர மில்லிமீற்றர் கம்பியிலோ இரண்டரை வோல்ற்றுக்கு மேல் தொலைந்து, ஏறத்தாழ அரைக் கிலோவாற் வெப்பமாகிக் கம்பியையே வாட்டும். "வயர் மெல்லிசெண்டால் விஞ்ச் முக்கும் அண்ணை, இழுக்காது" என்று இத்தொழில் தெரிந்த இளைஞர் ஒருவர் இதனை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கம்பியைத் தெரிவு செய்வதிலேயே ரசிகன் கலைஞனை அடையாளம் கண்டுகொள்வான். அலுமினியத்தின்மேல் செம்பை மெல்லப் போர்த்தி, அசலின் நிறத்தோடு மலிவாக விற்கப்படும் சரக்கு சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. கையில் எடுத்தவுடனே அதன் கனமின்மை அதன் பொய்யைச் சொல்லிவிடும். விஷயமறிந்தவர் வெல்டிங் வேலைக்காரர் கையாளும் கம்பியையே நாடுவார். மெல்லிய செப்பிழைகள் நூற்றுக்கணக்கில் முறுகி, ரப்பர்த் தோல் போர்த்த அக்கம்பி, சாதாரணப் பிளாஸ்ரிக் உறை விறைத்துப்போகும் ஜனவரிக் குளிரிலும் சொன்னபடி வளையும்.

ஆயினும் கம்பி காசுக்குக் கிடைப்பது. கைத்திறன் வெளிப்படுவது கம்பியின் முனையிலேதான். உறையை உரிக்கும்போது ஓர் இழையும் அறுபடலாகாது. உரித்த முனை செப்புக்குழலின் அடிவரை சென்று அமர வேண்டும். பின்பு அறுகோண அச்சுடைய ஹைட்ரோலிக் நெரிகருவியில் அதை வைத்து, கைப்பிடியை அவசரமின்றி அமுக்கி, அச்சின் இரு பாதிகளும் ஒன்றையொன்று தொடும் கணத்தில் நிறுத்த வேண்டும். இவ்வாறு நெரித்த முனை ஒன்றைப் பரீட்சார்த்தமாகக் குறுக்கே அறுத்து மினுக்கிப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியதுண்டு: தனித்தனி வட்டங்களாயிருந்த இழைகள் தம் வட்டத்தை இழந்து, இடுக்கிலே காற்றுக்கும் இடமின்றி, குழலோடு கலந்து ஒரே செந்தளமாகியிருந்தன. காற்றுப் புகாத இடத்தில் ஈரம் புகாது, களிம்பும் ஏறாது. சுத்தியலால் அடித்து நசுக்கிவிட்டு இறுகிவிட்டது என்பாரோடு எனக்குப் பேச்சில்லை. ஈயம் உருக்கி ஊற்றுவோரின் கட்சியில் சிறிது நியாயம் உண்டெனினும், உருகிய ஈயம் இழைகளின் வழியே ஏறி உறைந்து, நெகிழ்ந்த கம்பியில் விறைத்த கணு ஒன்றை உண்டாக்குவதையும், கரடுமுரடான பாதையின் ஓயாத அதிர்ச்சியில் அக்கணுவின் ஓரத்திலேயே இழைகள் முறிவதையும் அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. உட்புறம் பசை தடவிய, சூட்டில் சுருங்கும் உறையை இறுதியில் முனைமேல் ஏற்றி, விளிம்பிலே பசை கசிந்து தெரியும்வரை சூடு காட்டுவது இக்கச்சேரியின் மங்களம்.

பிளக்கோ, பெரும்பாலும் அன்டர்சன் பிளக். மல்வேர்னிலிருந்து பண்டசாலை வேலைக்குப் போகும் நம்மவர் பலருக்கு இது அந்நியப் பொருளன்று. மின்சார ஃபோர்க்லிஃப்டை மின்னேற்ற நிறுத்தும்போது அவர்கள் கழற்றிப் பூட்டும் அதே வகைதான். ஆண், பெண் என்ற பேதம் இதற்குக் கிடையாது: ஒரே அச்சில் வார்த்த இரண்டை எடுத்து, ஒன்றைத் திருப்பி மற்றதன் முகத்தோடு முகம் வைத்தால் பொருந்திவிடும். வெள்ளிமுலாம் பூசிய நாக்குகள் ஒவ்வொரு முறையும் ஒன்றோடொன்று உராய்ந்து தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும். பூஸ்ட் கொடுக்க 175 அம்பியர் வகை போதும். பெரிய விஞ்சுக்கு 350 அம்பியர் வகையே உசிதம். நிறம் வேறானால் பூட்டாது என்பது இதன் சாஸ்திரம்: மஞ்சள் 12 வோல்ற்றுக்கு, சிவப்பு 24க்கு, சாம்பல் 36க்கு. காட்டுப்பாதைப் பிரியர்களோ 12 வோல்ற் வண்டிக்குச் சாம்பல் நிறத்தையே மாட்டிக்கொள்கிறார்கள். சாஸ்திரப்படி பிழைதான், ஆனால் பெரும்பாலோர் ஒரே பிழையைச் செய்வதால் ஒருவருக்கொருவர் உதவ முடிகிறது.

பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் அமைய வேண்டும். அது காப்பது விஞ்சையன்று, கம்பியை. கம்பி உரசி உறை கிழிந்து சேஸியைத் தொட்டால், பியூஸுக்கு முந்திய துண்டை அணைக்க உலகில் எவருமில்லை. பம்பரிலே பிளக் இருக்குமிடமும் ஆலோசித்துத் தீர்மானிக்க வேண்டியது: மிகக் கீழே வைத்தால் பாறை உடைக்கும், வாய் மேல்நோக்கினால் ஸ்காபரோ வீதிகளில் தூவும் உப்புக் கரைந்த நீர் உள்ளே தேங்கி, வெள்ளி நாக்கைப் பச்சையாக்கிவிடும். மூடியும் வேண்டும், மூடியின் அடியில் நீர் வடியச் சிறு துளையும் வேண்டும். மின்வாயை வெளியே வைப்பதற்குச் சௌகரியத்திலும் பெரிய காரணம் ஒன்றுண்டு. மின்னேறும் ஈயப் பற்றரி ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். அதன் தலைமேலேயே கவ்விகளைப் பூட்டிப் பொறி பறக்கவிடுவது அபாயம். பற்றரியின் குளிர்காலத் தொடக்க வலிமையை அளக்கும் உஷ்ணநிலை மைனஸ் 18 பாகை. மல்வேர்னின் சில இரவுகள் அந்த எல்லையையும் கடந்து இறங்கும். விடியற்காலையில், உறைந்த விரல்களோடு, அயலவருக்கு உதவப் போகிறவருக்குத் தம் வண்டியின் மூடியைத் திறவாமலே பம்பரில் பூட்டிவிடலாம் என்பது சாமானிய வசதியன்று.

வேலை முடிந்ததும், பாரமின்றி அளந்து மீற்றர் 12.6 காட்டுகிறதென்று மகிழ்வோர் உண்டு. மெலிந்த கம்பியும் அவ்வேளையில் அதே எண்ணைத்தான் காட்டும். விஞ்ச் இழுத்துக்கொண்டிருக்கும்போது மீற்றரின் ஒரு ஊசியைப் பற்றரி முனையிலும் மற்றதைப் பின்பம்பர் பிளக்கின் நாக்கிலும் வைத்து, முதலில் நேர்முனைக் கம்பியில் தொலைவதையும், பின்னர் மறைமுனைக் கம்பியில் தொலைவதையும் வேறுவேறாகப் படிக்க வேண்டும். 200 அம்பியருக்கு ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு வோல்ற் அளவில் நின்றால் சரி. ஒன்றில் மட்டும் எண் கூடினால், அந்தக் கம்பியின் ஏதோ ஒரு முனை சரியாக நெரிபடவில்லை. மறுபடியும் வண்டிக்கு அடியில் நுழைய வேண்டியதுதான்.