ஒருதலை உடன்படிக்கை

பெருநிறுவனங்களைச் சாராத சமூக வலைத்தளங்களுள் மாஸ்டடான் குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016இல் தொடங்கிய இது ஒரே தளமன்று. தன்னார்வலர்களும் சிறு குழுக்களும் தத்தம் பொறுப்பில் நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்களின் கூட்டிணைப்பு. மின்னஞ்சலைப் போல, ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு உரையாடலாம். இதற்கான பொது நெறிமுறை ஆக்டிவிட்டிபப்.

முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் உரிமையாளரான மெட்டா, 2023 ஜூலையில் த்ரெட்ஸைத் தொடங்கி, அதுவும் இந்நெறிமுறையில் இணையும் என்று அறிவித்தபோது இவ்வுலகம் இரண்டுபட்டது. சர்வர் நிர்வாகிகள் பலர், மெட்டாவை முற்றாகத் தடுப்போம் எனக் கூட்டாக உறுதி பூண்டனர். ரோச்கோவோ இதனைத் தம் கொள்கையின் வெற்றியாகக் கண்டார். இரு சாராரின் வாதங்களும் நமக்கு நிறைவளிக்கவில்லை.

தடுப்போர் பெரிதும் காட்டும் முன்னுதாரணம் கூகுள் டாக். 2005இல் வந்த அச்சேவை, மறு ஆண்டே எக்ஸ்எம்பிபி என்னும் திறந்த நெறிமுறை வழியாகப் பிற சர்வர்களோடு கைகோத்தது. 2013இல் ஹேங்அவுட்ஸ் என்ற புதிய சேவையைக் கொணர்ந்தபோது அக்கையை உதறிவிட்டது. கூகுள் அந்நெறிமுறையைக் கொன்றுவிட்டது என்பர் இவர்கள். இது மிகைக்கூற்று, எக்ஸ்எம்பிபி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. உண்மையான இழப்பு வேறு. சிறு சர்வர்களில் இருந்த பலருக்கு நண்பர்கள் கூகுளில் இருந்தனர். இணைப்பு அறுந்தபின் அவர்களுக்கு இருந்த வழிகள் இரண்டே: கூகுளுக்குக் குடிபெயர்வது, அல்லது நண்பர்களை இழப்பது.

ஃபெடரேஷன் என்ற சொல்லின் லத்தீன் மூலம் உடன்படிக்கையைக் குறிப்பது. அறபியில் முஆஹதா என்போம். அச்சொல்லின் அமைப்பே இரு தரப்பை வேண்டி நிற்பது. இங்கோ ஒரு தரப்பு, தனக்கு எந்த நட்டமுமின்றி எந்நாளும் விலகிச் செல்ல வல்லது. மறு தரப்பும் அவ்வாறே நட்டமின்றி விலக இயலுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. வரவேற்போர் இதனைக் கேட்பதேயில்லை.

அவர்கள் கேளாத மற்றொன்றும் உண்டு. மியன்மாரில் பிளவையும் வன்முறையையும் தூண்டத் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லையென 2018இல் முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ரோஹிங்யாக்கள் கொடுத்த விலையை நாம் அறிவோம். 2025 ஜனவரியில் அந்நிறுவனம் தன் வெறுப்புப் பேச்சு விதிகளை மேலும் தளர்த்தியது. அத்தகைய தளத்திலிருந்து வருவனவற்றை, ஓய்வு நேரத்தில் பணியாற்றும் இரண்டு மூன்று தன்னார்வலர்கள் எவ்வாறு வடிகட்டுவர்?

கதவைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் நடுவே மாஸ்டடானில் ஒரு நிலை உண்டு: மட்டுப்படுத்தல். மட்டுப்படுத்தப்பட்ட தளத்தின் பதிவுகள் பொதுமுற்றத்தில் தோன்றா. விரும்பிப் பின்தொடர்வோருக்கு மட்டும் தெரியும். தனிமனித உறவும் காக்கப்படுகிறது, பொதுவிடமும் மூழ்குவதில்லை. த்ரெட்ஸைப் பொறுத்தவரை இதுவே ஏற்ற நிலை என்பது நமது கருத்து. ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியோர் அந்தந்தச் சர்வரின் உறுப்பினர்கள். நிர்வாகி ஒருவர் நள்ளிரவில் தனியே அறுத்தாலும் மெட்டா அறுத்தாலும் உறுப்பினருக்கு இழப்பு ஒன்றே. பின்தொடர்வோரை உடனழைத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் பெயர மாஸ்டடானில் வழியுண்டு. பழைய பதிவுகள் மட்டும் உடன் வாரா. முடிவை அறிவித்தபின் அதற்கென ஓரிரு வாரம் அவகாசம் தருவது நிர்வாகிகளுக்குக் கடினமன்று.