மிஸ்ட்ரஸ்: வைத்தவனுக்குப் பெயரில்லை

ஆங்கில இலக்கிய வகுப்பில் ஆண்ட்ரூ மார்வெலின் 'டு ஹிஸ் காய் மிஸ்ட்ரஸ்' கவிதைக்கு வரும் மாணவி, தலைப்பிலேயே தடுமாறக்கூடும். இன்று 'மிஸ்ட்ரஸ்' என்றால் மணமான ஆணின் ஆசைநாயகி. பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞருக்கோ அது காதலி.

'மாஸ்ட'ருக்கு இணையாக நின்ற சொல் இது. 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதி, 'ஆளுகிறவள்' என்ற பொருளை முதலில் தருகிறது. தேர்ச்சி பெற்றவள், ஆசிரியை, காதலி எல்லாம் அதில் உண்டு. வைப்பாட்டி கடைசியில்தான் வருகிறாள். 'மிஸ்', 'மிஸஸ்' இரண்டும் இதே சொல்லின் சுருக்கங்கள். அந்த நூற்றாண்டில், மணமாகாமல் சொந்தத் தொழில் நடத்திய பெண்ணும் 'மிஸஸ்' எனப்பட்டாள். அச்சொல் கணவனை அல்ல, அவளது தகுதியைச் சொன்னது.

ஆள்கிறவள் மறைந்து வைப்பாட்டி மட்டும் எஞ்சியது தற்செயல் அல்ல. 'மாஸ்டர்' தனித்து நிற்கிறது. 'மிஸ்ட்ரஸ்' என்றதும் 'யாருடைய?' என்ற கேள்வி எழுகிறது. மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1970களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். நம் ஊரிலும் டீ மாஸ்டர், டெய்லர் மாஸ்டர் உண்டு. பெண் நடன இயக்குநரையும் திரையுலகம் 'மாஸ்டர்' என்றே மரியாதையாக அழைக்கிறது. மரியாதை வேண்டுமானால் ஆண்பாலுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

தமிழும் சளைத்ததல்ல. நாயகன் நாயகனாகவே இருக்க, நாயகியின் முன் 'ஆசை'யை ஒட்டினோம். 'வைப்பாட்டி'யில் பெண் வைக்கப்பட்ட பொருள். 'சின்ன வீடு' அவளைக் கட்டடமாகவே ஆக்கிவிட்டது. அங்கே போய்வருகிறவருக்கோ 'குடும்பஸ்தர்' என்ற பெயர் அப்படியே இருக்கிறது.

அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், 2020இல் 'மிஸ்ட்ரஸ்' வேண்டாம். தோழி, காதலி போன்ற சொற்களைப் பயன்படுத்துங்கள் என்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதுவும் பெண்ணுக்கான பெயரைத்தான் மாற்றுகிறது. மனைவியிடம் பொய் சொன்ன ஆண் அந்த வாக்கியத்திலும் 'தொழிலதிபர்', 'அரசியல்வாதி' என்ற பதவிப் பெயரோடு தப்பித்துவிடுகிறார்.

எனவே அகராதியில் ஒரு சொல்லின் பல பொருள்களைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் படிப்போம்: இவற்றில் எந்தப் பொருள் பிழைத்தது? அது பிழைத்ததால் யார் பெயரில்லாமல் தப்பினார்?