முதல் நாடகம்

ஒருவர் தம் வாழ்நாளில் முதன்முதலாகக் காணும் நாடகம் எத்தகையதோ, நாடகக்கலையைப்பற்றிய அவர் அபிப்பிராயமும் பெரும்பாலும் அத்தகையதாகவே அமைந்துவிடுகிறது. இவ்வுண்மையை நம் நாடகக் குழுவினர் உணர்ந்திருக்கிறார்களா என்பது நமக்கு ஐயமாயிருக்கிறது.

சென்ற மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ் நாடகமொன்றுக்கு நம் தமக்கை மகனை அழைத்துச் சென்றோம். 18 வயது வாலிபர். படக்காட்சிகளைக் கண்டே வளர்ந்தவர். பள்ளி விழாவில் சிறு நகைச்சுவைக் காட்சிகளைக் கண்டதன்றி, முழு நாடகமொன்றைக் கண்டவரல்லர். “நாடகமென்றால் ஓயாமல் கத்துவார்களே, மாமா!” என்று தயங்கினார். நம் வற்புறுத்தலின்பேரில் வந்தார்.

கதை புதியதன்று. மகனைப் பறிகொடுத்த பெற்றோர், அவன் வாழ்ந்த அடுக்குமாடி வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று வழக்காடுவதே கதை. இரண்டாம் காட்சியில், தாயாக நடித்த அம்மையார் மகனுடைய சட்டையொன்றை மடிக்கிறார், பிரிக்கிறார், மீண்டும் மடிக்கிறார். வசனமில்லை, பாட்டுமில்லை. மண்டபம் முழுதும் மூச்சடங்கியிருந்தது. அவ்வொரு காட்சிக்காகவே அக்குழுவினரை மனமாரப் பாராட்டுகிறோம்.

இது நிற்க. இறுதிக் காட்சியில் ஆசிரியருக்குத் தம் கதையிலேயே நம்பிக்கை அற்றுவிட்டது போலும்! தந்தை மனம் மாறுகின்ற இடத்தில், சினிமாவைப் பின்பற்றிய இசை ஒலிபெருக்கியில் முழங்கிற்று. நடிகரின் வாய் அசையக் கண்டோம், வசனம் கேட்டிலோம். இசை ஓய்ந்ததும் அவர் சபையை நோக்கித் திரும்பி, குடும்ப ஒற்றுமையைப்பற்றி ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். கைதட்டல் பலமாயிருந்தது, நமக்கோ கை எழவில்லை.

வீடு திரும்புகையில் நம் வாலிபர் அப்பிரசங்கத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சட்டைக் காட்சியைப்பற்றியே பேசினார். “அப்போது எனக்கு இருமல் வந்தது, மாமா. நான் இருமினால் அந்த அம்மாவுக்குக் கை தடுமாறிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன்” என்றார். நாடகத்துக்கும் படத்துக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாக யாம் எழுதிவிட முடியாது. திரையில் உள்ளவருக்கு நம் இருமல் கேளாது. மேடையில் உள்ளவருக்கோ நம் மௌனமும் கேட்கும்.

இங்கே பம்மல் சம்பந்த முதலியார் அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. இளமையில் தமிழ் நாடகங்களை வெறுத்து ஒதுக்கியவர் அவர். 1891ஆம் ஆண்டில், பல்லாரி வக்கீல் கிருஷ்ணமாச்சார்லுவின் குழுவினர் சென்னையில் ஆடிய தெலுங்கு நாடகங்களைக் கண்டார். கற்றவர்கள் மேடையேறி நடித்த அக்காட்சி அவர் வெறுப்பை அகற்றிற்று. அவ்வாண்டிலேயே நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கும் வயது 18தான். பின்னர் அவர் இயற்றிய நாடகங்கள் 90க்கு மேற்பட்டவை. பாட்டே மிகுந்திருந்த தமிழ் மேடையில் உரைநடை வசனம் நிலைபெற அவை பெரிதும் துணைசெய்தன. ஒரு நல்ல நாடகம் ஒரு வாலிபரை என்ன செய்யவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, நம் நாடகக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். ஆரவாரத்தில் சினிமாவோடு போட்டியிடாதீர்கள். அப்போட்டியில் வெற்றி சினிமாவுக்கே. ஒவ்வோர் இரவும் உங்கள் முன்னால் முதன்முறையாக நாடகம் காண வந்தவர் ஒருவரேனும் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். நாடக அபிமானிகளும் இலவசச் சீட்டுக்குக் காத்திராமல், காசு கொடுத்துத் தம் வீட்டு வாலிபர்களை அழைத்து வருவார்களாக. உள்ளே வந்தபின் கைப்பேசியை அணைத்து வைப்பார்களாக.

“அடுத்த நாடகம் எப்போது, மாமா?” என்று நம் வாலிபர் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மீண்டும் வரத் தயார். அவருக்குக் காட்டத்தக்க நாடகத்தைத் தரவேண்டிய பொறுப்பு மேடையில் இருப்பவர்களுடையது.